அஜைல் குழுக்களா, ஆர்க்கிடெக்சர் பிரிவா? வளரும் நிறுவனம் எதற்குப் பணம் ஒதுக்கலாம்

நகைக்கடனும் இருசக்கர வாகனக் கடனும் தரும் ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிளைகளில் ஓடும் நகைக்கடன் மென்பொருள் பத்துப் பன்னிரண்டு வருடப் பழையது. வாகனக் கடனுக்கு டீலர் கடையிலேயே விண்ணப்பம் போடுகிற ஆப் தனி. வசூல் ஊழியர்கள் வைத்திருப்பது வெளியிலிருந்து வாங்கிய இன்னொரு ஆப். டெவலப்பர்கள் அறுபது பேர், ஏழெட்டுக் குழுக்கள். எல்லாரும் அஜைல் முறைக்காரர்கள், அதாவது மென்பொருளைச் சிறு துண்டுகளாகக் கட்டி அடிக்கடி கொடுப்பவர்கள்; ஒரு துண்டுக்கு இரண்டு வாரம், அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒருநாள் இயக்குநர் ஒருவர் கேட்கிறார்: ஒரு வாடிக்கையாளர் நமக்கு மொத்தம் எவ்வளவு பாக்கி என்பதை ஒரே திரையில் ஏன் பார்க்க முடியவில்லை? பதில் வர மூன்று வாரம் ஆகிறது. அடுத்த மாதம் ஒரு ஆலோசனை நிறுவனம் கையில் கனமான ஸ்லைடுகளோடு வந்து, என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் அலுவலகம், அதாவது நிறுவனத்தின் எல்லாக் கணினி அமைப்புகளும் எப்படிச் சேர்ந்து இயங்கவேண்டும் என்று வடிவமைக்கும் பிரிவு, அமைத்துத் தருகிறோம் என்கிறது. குழுத் தலைவர்களோ, எங்கள் வேகம் போய்விடும் என்று முகம் சுளிக்கிறார்கள்.

இப்படி ஒரு முடிவை எடுக்கவேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கான ஒப்பீடு இது. கற்பனை நிறுவனம்தான், ஆனால் துறையை மாற்றி மருத்துவமனைக் குழுமம், ஜவுளி ஏற்றுமதி, கூரியர் என்று எதை வைத்தாலும் படம் ஏறக்குறைய இதேதான். முன்னால் இருப்பவை நான்கு வழிகள். இப்போதுள்ள அஜைல் குழுக்களையே நம்பித் தொடரலாம். டோகாஃப் (TOGAF) போன்ற ஒரு வடிவமைப்பு முறையை எடுத்து முழுமையான ஆர்க்கிடெக்சர் பிரிவு தொடங்கலாம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்கிற சேஃப் (SAFe) முறையை வாங்கலாம். அல்லது, விரல்விட்டு எண்ணக்கூடிய சில முடிவுகளை மட்டும் மையத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் குழுக்களிடம் விடலாம். என் ஓட்டு பெரும்பாலும் கடைசி வழிக்கு. ஆனால் முதல் வழியே போதும் என்கிற நிலையில் இருக்கும் நிறுவனங்களும் நிறைய. அவர்களிடம் ஆர்க்கிடெக்சர் அலுவலகத்தை விற்பது பாவம்.

முதலில் கொஞ்சம் பின்கதை. ஐபிஎம்மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987இல், நிறுவனத்தின் தகவல் அமைப்புகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பார்க்க ஒரு சட்டகம் எழுதினார். டோகாஃப் 1995இல் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கி வைத்திருந்த சட்டகத்தை எடுத்து தி ஓப்பன் குரூப் என்ற தொழில்நுட்பத் தரநிலைக் கூட்டமைப்பு வளர்த்தெடுத்தது. நூற்றுக்கணக்கான கணினி அமைப்புகள் ஒன்றோடொன்று பேசாமல் கிடந்த பெரிய அமைப்புகளின் வலியிலிருந்து பிறந்தவை இவை. அஜைல் பிறந்தது வேறு வலியில். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அறிக்கை எழுதினார்கள். வருடக்கணக்கில் ஆவணம் எழுதி, கடைசியில் யாருக்கும் வேண்டாத மென்பொருளைக் கொடுப்பதில் சலித்துப்போனவர்கள் அவர்கள்.

அந்த அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளில் ஒன்று, நல்ல ஆர்க்கிடெக்சர் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் குழுக்களிலிருந்துதான் வரும் என்கிறது. இன்றைய சண்டை முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒரு குழுவுக்குள் அது உண்மை, நேரில் பார்க்கலாம். குழுக்களுக்கு நடுவே என்ன ஆகும் என்பதைப் பற்றி அது பேசவில்லை. அதைப் பேசியவர் கணினி அறிஞர் மெல்வின் கான்வே, 1968லேயே. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவத்தில்தான் அது கட்டும் அமைப்பும் வரும் என்றார். நம் நிதி நிறுவனத்தில் நகைக்கடன் குழுவும் வாகனக் கடன் குழுவும் வேறு வேறு மாடியில் உட்கார்ந்திருந்தால், வாடிக்கையாளர் பட்டியலும் இரண்டாகத்தான் இருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குழுக்களை அப்படியே விடுவது

உங்களிடம் இருப்பது ஒரே பொருள், ஒரே டேட்டாபேஸ், இருபது முப்பது டெவலப்பர்கள் என்றால் மேலே படிக்கவே வேண்டாம். குழுவில் அனுபவமுள்ள இரண்டு மூன்று பேர் இருந்தால் ஆர்க்கிடெக்சர் தானாக அவர்கள் தலைக்குள் இருக்கும், காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்திலேயே மாறிக்கொண்டும் இருக்கும். இந்த இடத்தில் தனியாக ஒரு ஆர்க்கிடெக்டை நியமித்தால், செய்ய வேலையில்லாமல் அவர் படிவம் தயாரிப்பார். அப்புறம் அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு கூட்டம், அதை அங்கீகரிக்க ஒரு கமிட்டி.

சிக்கல் தொடங்குவது இரண்டாவது பொருள் வரும்போது, அதுவும் அதே வாடிக்கையாளருக்கு. ஒருவர் கிளைக்கு வந்து தன் கைபேசி எண்ணை மாற்றுகிறார் என்று வையுங்கள். நகைக்கடன் மென்பொருளில் எண் மாறுகிறது. வசூல் ஆப்பில் பழைய எண்தான். வாகனக் கடன் தவணை தவறுகிறது, நினைவூட்டல் யாருக்கோ போகிறது. தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போவதற்கான அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வரும். வழக்கு வந்தால் நீதிபதியிடம் ஸ்பிரிண்ட் கணக்கைக் காட்ட முடியாது.

இதை ஏன் எந்தக் குழுவும் சரிசெய்யவில்லை? சோம்பேறித்தனம் காரணமில்லை. ஒவ்வொரு குழுவின் பேக்லாக்கிலும், அதாவது செய்யவேண்டிய வேலைப் பட்டியலிலும், இந்த வேலை இருக்கும், பதினேழாவது இடத்திலோ இருபதாவது இடத்திலோ. எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் நகைக்கடன் புராடக்ட் ஓனருக்கு இலக்கு நகைக்கடன் எண்ணிக்கை. அவருடைய இரண்டு வாரத்தை வசூல் குழுவின் நன்மைக்குச் செலவிட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. வேலை இரண்டு பேக்லாக்குகளுக்கு நடுவில் விழுந்து கிடக்கிறது. அஜைலின் உண்மையான பலவீனம் இதுதான் என்பேன். ஆவணம் குறைவு, திட்டம் இல்லை என்பதெல்லாம் வெளியிலிருந்து சொல்லப்படும் குறைகள்.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டம் இதைப் பெரிய அளவில் காட்டியது. ஆறு விதமான அரசு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் திட்டம். அவ்வளவு பெரிய அரசுத் திட்டத்தை அஜைலில் செய்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். 2013 தொடக்கத்தில் அரசின் பெருந்திட்டக் கண்காணிப்பு அமைப்பு உள்ளே போய்ப் பார்த்தபோது கவலைப்பட்டது ஒரு விஷயத்துக்காக: முழு அமைப்பும் எப்படி இயங்கப்போகிறது என்பதற்கான விரிவான வரைவு எவரிடமும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த தணிக்கை அலுவலக அறிக்கை, கட்டிய மென்பொருளில் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ளதைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியதைப் பதிவு செய்தது.

இத்தோடு கதையை முடித்து அஜைலைத் திட்டுபவர்கள் உண்டு. அடுத்த பாதி அதைவிடச் சுவையானது. பழையதை ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் துறைக்குள்ளேயே ஒரு சிறு குழுவை வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். 2014 நவம்பரில் லண்டனின் சட்டன் பகுதியில் மட்டும் தொடங்கி, பார்த்துப் பார்த்து விரித்தார்கள். 2020 மார்ச்சின் பின்பாதியில், கொரோனா ஊரடங்கை ஒட்டிய இரண்டே வாரத்தில் சுமார் 9.5 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அமைப்பு தாங்கியது. இரண்டு முறையும் அஜைல்தான். என் பார்வையில் மாறியது ஒன்றே: இரண்டாவது முறை முழு வடிவமும் ஒரே குழுவின் கையில் இருந்தது. அறுபது பேர் எட்டுக் குழுவாக இருக்கும் இடத்தில் அந்த வசதி இருக்காது.

முழுமையான ஆர்க்கிடெக்சர் பிரிவு

டோகாஃபின் நடுவில் இருப்பது ஒரு சுழற்சி. தயாரிப்புக் கட்டம் தவிர, ஏ முதல் ஹெச் வரை எட்டுக் கட்டங்கள்: நோக்கம், வணிகம், தகவல் அமைப்புகள், தொழில்நுட்பம் என்று போய், இன்றைய நிலை, வேண்டிய நிலை, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இடைவெளியை அடைக்கும் திட்டம் என்று நீளும். படிக்கும்போது மறுக்க ஒன்றும் இல்லை. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், இன்றைய நிலையை எழுதவே எட்டு ஒன்பது மாதம் போகிறது. அதற்குள் வாகனக் கடன் குழு நான்கு முறை ரிலீஸ் செய்திருக்கும், எழுதியது பழசாகியிருக்கும். வேண்டிய நிலையை வரையும்போது நிர்வாகம் மூன்றாவது பொருளை அறிவித்துவிடும்.

இதை டோகாஃபின் தவறு என்று மட்டும் சொன்னால் நியாயமில்லை. அதை உங்களுக்கேற்ப வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த முறையே சொல்கிறது. 2022இல் வந்த பத்தாம் பதிப்பு, அடிப்படைப் பகுதியையும் வழிகாட்டிகளையும் பிரித்தே வைத்திருக்கிறது. சுழற்சியை ஸ்பிரிண்டுகளாக நடத்துவதற்குத் தனி வழிகாட்டியே உண்டு. ஆனால் ஆலோசனை நிறுவனத்தின் கட்டணம் பக்கக் கணக்கிலும் ஆள் கணக்கிலும் இருக்கும்போது வெட்டித் தைக்க யாருக்கு மனம் வரும்? சான்றிதழ் பெற்றுவிட்டு வருகிறவர்களுக்கும் படித்ததை முழுக்கச் செய்துபார்க்கும் ஆசை இருக்கும்.

அப்படியானால் பெரிய ஆர்க்கிடெக்சர் பிரிவு எங்கேயும் வேண்டாமா? வேண்டிய இடங்கள் உண்டு. இரண்டு வங்கிகள் இணைவதை நினைத்துப்பாருங்கள். அலகாபாத் வங்கி, சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியோடு 2020 ஏப்ரல் 1இல் சட்டப்படி இணைந்தது. கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் அமைப்புகள் ஒன்றானது 2021 பிப்ரவரியில். நடுவிலிருந்த பத்து மாதத்தில் ஒவ்வொரு கணக்கு வகையும் எதற்கு நேராக எது, எந்தக் கிளைக் குறியீடு எதுவாக மாறும், எந்த வெளி இணைப்பு எப்போது துண்டிக்கப்படும் என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதியே ஆகவேண்டும். அதை எட்டுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடிக்க முடியாது.

இதே மாதிரி வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டிஎஸ்பி வங்கி. பிரிட்டனில் லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்து, 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கியிடம் போனது. லாயிட்ஸின் கணினி அமைப்பிலிருந்து வெளியேறிப் புதிய அமைப்புக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களை 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். திங்கள்கிழமை லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. வங்கி இயல்பு நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 4.865 கோடி பவுண்டு அபராதம் போட்டன. பின்னால் நடந்த சுயாதீன விசாரணை அடுக்கிய காரணங்களில் எனக்கு மறக்காதவை இரண்டு: பெரும்பாலானதை ஒரே மூச்சில் மாற்றுவது என்ற முடிவின் ஆபத்தை இயக்குநர் குழு போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை, இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து இயங்கவேண்டிய அமைப்பில், தாங்குதிறன் சோதனையை ஒன்றில் மட்டும் நடத்தினார்கள்.

இது ஆவணப் பற்றாக்குறையால் வந்த விபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பிப் போகமுடியாத ஒரு முடிவை யார் எடுத்தார்கள், யார் எதிர்த்துக் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். ஆர்க்கிடெக்சர் பிரிவின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. நிறத்தையும் பொத்தானையும் பற்றிக் கருத்துச் சொல்ல அது தேவையில்லை. எந்த முடிவை எடுத்தபின் மாற்ற ஒரு வருடமும் சில கோடிகளும் ஆகுமோ அந்த முடிவின் முன்னால் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

சேஃப்

டீன் லெஃபிங்வெல் 2011இல் கொண்டுவந்த முறை. ஐம்பது முதல் 125 பேர் வரை உள்ள பல குழுக்களின் தொகுப்பு ஒரு ‘ரயில்’. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடுவார்கள். சிஸ்டம் ஆர்க்கிடெக்ட், என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்று பதவிகள் உண்டு. குழுக்கள் ஓடுவதற்கு முன்கூட்டியே போட்டுவைக்கிற தொழில்நுட்ப ஓடுபாதை என்ற நல்ல கருத்தும் உண்டு. குழுக்களுக்கு நடுவில் விழும் வேலைகளைச் சுவரில் நூல் கட்டிக் காட்டுவதால், முன்பு சொன்ன பேக்லாக் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. இது லேசான விஷயமில்லை.

ஆனால் விலை? நூறு பேர், இரண்டு நாள் என்றால் ஒரு திட்டமிடலுக்கு 200 ஆள்நாள். வருடத்துக்கு நான்கைந்து முறை நடத்தினால் 800 முதல் 1,000 ஆள்நாள், அதாவது நான்கைந்து டெவலப்பர்களின் முழு வருடம். கார் தயாரிப்பு, மருத்துவக் கருவி, விமானத் துறை போல வன்பொருளும் மென்பொருளும் ஒரே தேதியில் சேரவேண்டிய இடத்தில் இந்தச் செலவு நியாயம். நம் அறுபது பேர் நிதி நிறுவனத்தில் ஏழெட்டுக் குழுத் தலைவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசினால் அதே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இசைச் சேவை நிறுவனமான ஸ்பாட்டிஃபை தன் குழுக்களுக்கு வைத்த ஸ்குவாட், ட்ரைப் பெயர்களை 2012க்குப் பிறகு ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டதைப் பற்றியும் இதையே சொல்வேன்: பெயர்ப்பலகை மாறியது, டேட்டாபேஸ் அப்படியே இருந்தது.

மையத்தில் கொஞ்சம், குழுக்களிடம் மற்றதெல்லாம்

நான்காவது வழிக்கு நம் கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: யூபிஐ. 2016இல் என்பிசிஐ (இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இதன் மையத்தில் இருப்பவை சொற்பம். பணம் பெறுபவரின் முகவரி எப்படி இருக்கவேண்டும், வங்கிகளுக்கிடையே செய்தி எந்த வடிவத்தில் போகவேண்டும், யார் எதைச் சரிபார்க்கவேண்டும் என்பவைதான். போன்பே ஒரு மாதிரி இருக்கும், கூகுள் பே வேறு மாதிரி இருக்கும், கேஷ்பேக்கும் ஸ்கிராட்ச் கார்டும் அவரவர் இஷ்டம். ஆனால் எந்த ஆப்பைத் திறந்தாலும் பின் நம்பர் போடும் திரை மட்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பகுதி என்பிசிஐ கொடுப்பது. ஆப்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று இதைவிடத் தெளிவாகக் கோடு போட்ட ஆர்க்கிடெக்சர் நம் நாட்டில் அரிது.

அமேசான் கதையும் இதே வகை. 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ் போட்ட உத்தரவைப் பற்றி, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெக்கி 2011இல் எழுதியதிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குழுவும் தன் தரவை ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வரையறுத்த வாசல் வழியாக, மட்டுமே தரவேண்டும். அடுத்த குழுவின் டேட்டாபேஸை நேராகப் படிக்கக் கூடாது, பின்வாசல் எதுவும் கூடாது. வெளியாருக்கும் திறந்துவிடக்கூடிய தரத்தில் அந்த ஏபிஐ இருக்கவேண்டும். எந்தத் தொழில்நுட்பத்தில் செய்வது என்பது குழுவின் பாடு. நூறு பக்க ஆவணத்தைவிட இந்தச் சில வரிகள் அதிகம் சாதித்தன என்று நினைக்கிறேன். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம்: பின்னால் நின்றவர் முதலாளி. ஆர்க்கிடெக்ட் எழுதிய விதிக்குப் பின்னால் தலைமை நிர்வாகி நிற்காவிட்டால், முதல் அவசர ரிலீஸிலேயே விதி பறந்துவிடும்.

நம் நிதி நிறுவனத்தில் மையத்துக்கு எவை வரவேண்டும்? வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண், அதை வழங்குவது எந்த அமைப்பு என்பது முதலாவது. பெயர், முகவரி, கைபேசி எண், பான், கடன் நிலுவை என்று ஒவ்வொரு தரவுக்கும் சொந்தக்காரக் குழு எது என்பது இரண்டாவது. இதில்தான் சண்டை அதிகம் வரும், இதில்தான் பலனும் அதிகம். அமைப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும், ஊழியர்கள் எங்கே லாகின் செய்வார்கள், யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு எங்கே இருக்கும், தரவு எந்த நாட்டு சர்வரில் உட்காரும் ஆகியவை அடுத்து. டிஜிட்டல் கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகள் தரவை இந்தியாவுக்குள் வைக்கச் சொல்வதால் கடைசியதில் விவாதத்துக்கே இடமில்லை. புரோகிராமிங் மொழி, ஃப்ரேம்வொர்க், ஸ்பிரிண்டின் நீளம், வேலைகளைக் குறித்துவைப்பது ஜிரா மென்பொருளிலா வெள்ளைப் பலகையிலா என்பவை பட்டியலில் இல்லை. அவை குழுவின் சொந்த விவகாரம். ஏழெட்டு மொழிகளில் எழுதினால் ஆள் எடுப்பது கஷ்டம் என்பது உண்மைதான்; அதற்கு விரும்பத்தக்கவை இரண்டு மூன்று என்று ஒரு பக்கப் பரிந்துரை போதும், தடை தேவையில்லை.

முடிவுகளை எழுதிவைக்க மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் சொன்ன சிறு வடிவம் போதுமானது: சூழல் என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன நன்மை தீமை. ஒன்றிரண்டு பக்கம். மென்பொருளின் நிரல் இருக்கும் ரெப்பாசிட்டரியிலேயே அதுவும் இருக்கவேண்டும். ஷேர்பாயிண்ட் போன்ற ஆவணக் கிடங்கில் போட்டால் அடுத்த வருடம் அதைத் தேட ஒரு ஆள் போடவேண்டியிருக்கும்.

இந்த வழியின் ஓட்டையையும் சொல்லியாகவேண்டும். மையம் சின்னதாக இருப்பதால், ஓர் ஆள் விலகினால் ஆட்டம் காணும். ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் பழைய அமைப்பை அது தானாகச் சீர்செய்யவும் செய்யாது. புதிதாக வரும் குழப்பத்தைத்தான் நிறுத்தும். பன்னிரண்டு வருட நகைக்கடன் மென்பொருளை மாற்றுவது தனித் திட்டம், தனிப் பட்ஜெட். அந்த வேலைக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, இரண்டாவது வழியின் பாணியில் ஒரு குழு அமைப்பதில் தப்பில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

ஆள் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதுதான் வழக்கம்: நூறு பேர் தாண்டினால் ஆர்க்கிடெக்ட் வேண்டும் என்பார்கள். இருநூறு பேர் இருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தொழில்கள் நடத்தும் குழுமத்துக்கு மையம் தேவைப்படாமல் போகலாம். முப்பது பேரே இருந்தும் ஒரே நோயாளியின் விவரத்தைப் பதிவு, லேப், மருந்தகம், காப்பீடு என்று நாலு இடத்தில் வைத்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே தேவைப்படலாம். பார்க்கவேண்டியது, ஒரே தரவை எத்தனை அமைப்புகள் பங்குபோடுகின்றன என்பதை.

இதை அளக்க எளிய வழி ஒன்று. கடைசியாகப் புரொடக்‌ஷனுக்குப் போன, அதாவது பயனர்கள் கைக்கு வந்த, பத்து முக்கிய மாற்றங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை குழுக்கள் நிரலைத் தொடவேண்டியிருந்தது என்று எழுதுங்கள். ஒன்றிரண்டு மட்டும் பல குழுக்களைத் தொட்டிருந்தால் முதல் வழியே சரி, ஆலோசகரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நாலைந்து என்றால் நான்காவது வழி. எட்டு ஒன்பது என்றால் குழுக்கள் பிரிக்கப்பட்ட விதமே தப்பு. குழுக்களின் அஜைல் நடைமுறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர்களை எவ்வளவு மாற்றினாலும் வேகம் வராது, முதலில் கான்வே சொன்னதை வைத்துக் குழு எல்லைகளைத் திருத்தவேண்டும். நிறுவன இணைப்பு, கோர் அமைப்பு மாற்றம் போன்ற ஒருமுறைப் பெருவேலை வாசலில் நின்றால் மட்டும் இரண்டாவது வழியைப் பற்றி யோசிக்கலாம்.

ஒழுங்குமுறை அமைப்பின் கண்ணும் கணக்கில் வரவேண்டும். 2024 ஏப்ரல் 24இல் ரிசர்வ் வங்கி, ஆன்லைனிலும் மொபைலிலும் புது வாடிக்கையாளர் சேர்ப்பதையும் புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதையும் உடனே நிறுத்தும்படி கோட்டக் மஹிந்திரா வங்கிக்கு உத்தரவிட்டது. தடை நீங்கியது 2025 பிப்ரவரியில். உத்தரவில் குறைகளாகச் சொல்லப்பட்டவற்றில் தகவல் தொழில்நுட்பச் சொத்துகளின் இருப்புக் கணக்கு, பேட்ச் மற்றும் மாற்ற மேலாண்மை, பயனர் அனுமதி எல்லாம் இருந்தன. வளர்ச்சிக்கு ஈடாக அமைப்புகளும் கட்டுப்பாடுகளும் வளரவில்லை என்பது சாரம். அதற்கு முன் 2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கியின் புது டிஜிட்டல் அறிமுகங்களுக்கும், தொடர்ந்த சேவைத் தடங்கல்களை வைத்து, தடை வந்திருந்தது. ஆப்பில் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே போகிற வேகத்துக்கு யாரோ ஒருவர் பிரேக் போடத்தான் போகிறார். அந்த ஆள் வெளியிலிருந்து வந்தால் ஒன்பது பத்து மாதம் கடை பாதி மூடியிருக்கும்.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இதோடு சேருங்கள். ஒருவர் தன் விவரத்தைத் திருத்தவோ அழிக்கவோ கேட்கலாம் என்கிறது சட்டம். அந்த விவரம் எந்தெந்த அமைப்பில், எந்தெந்த வெண்டாரிடம் இருக்கிறது என்ற பட்டியலே இல்லாத நிறுவனம் எதை அழிக்கும்?

யாரை உட்காரவைப்பது

அறுபது டெவலப்பர்களுக்கு முழுநேர ஆர்க்கிடெக்ட் ஒருவர் போதும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூத்தவர் ஒருவர் வாரத்தில் அரை நாள் அவரோடு உட்காரவேண்டும். வெளியிலிருந்து சான்றிதழோடு வருபவரைவிட, உள்ளேயே பல வருடம் இருந்து இரவு பன்னிரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் பிரச்சினையில் முழித்த ஆள் நல்லது. எந்தக் கோப்பை யார் எந்த சர்வரிலிருந்து ராத்திரி இழுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது. அவர் நிரல் எழுதவேண்டுமா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் யாருடைய ரிலீஸும் அவருக்காகக் காத்திருக்கும்படி இருக்கக் கூடாது. அவருக்கு வீட்டோ வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்ன ஐந்தாறு விஷயங்களில் மட்டும் வேண்டும். மற்றதில் அவர் கருத்துச் சொல்லலாம், குழு கேட்காமல் போகலாம். மறுக்கப்பட்டதை எதிர்த்து முறையிட நேரடியாகத் தொழில்நுட்பத் தலைவரிடம் போகும் வழியும் திறந்திருக்கவேண்டும், அதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகக் கூடாது.

ஆலோசனை நிறுவனத்தை அழைப்பதென்றே முடிவானால், ஒப்பந்தத்தின் முதல் கட்டத்தை மட்டும் கையெழுத்திடுங்கள். ஆறு வாரத்தில் ஒரே ஒரு பட்டியல் கேளுங்கள்: நிறுவனத்தில் ஓடும் ஒவ்வொரு அமைப்பும், அதில் உள்ள வாடிக்கையாளர் தரவும், அது யாரோடு பேசுகிறது என்பதும், வெண்டார் ஒப்பந்தம் முடியும் தேதியும், பொறுப்பாளரின் பெயரும். குழுவின் பெயரை அங்கே எழுத அனுமதிக்காதீர்கள், ஆளின் பெயர் வேண்டும். சில வரிசைகளில் அந்தக் கட்டம் காலியாகத் திரும்பி வரும். இரண்டாம் கட்டத்துக்கான காசோலையைப் பற்றிப் பேசும் முன் அந்தக் காலிக் கட்டங்களில் பெயர் எழுதுங்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களையே அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.